ஐ.டி.ஐ-களுக்கு 60,000 கோடி: மெஷின் வந்துடும், சொல்லித்தர ஆள்?

2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நாடு முழுக்க 1,000 அரசு ஐ.டி.ஐ-களை மேம்படுத்த ஐந்து ஆண்டுகளில் 60,000 கோடி ரூபாய். மத்திய அரசு 30,000 கோடி, மாநில அரசுகள் 20,000 கோடி, தொழில் நிறுவனங்கள் 10,000 கோடி என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். அக்டோபர் 4-ம் தேதி 'பி.எம். சேது' என்ற பெயரில் பிரதமர் இதைத் தொடங்கியும் வைத்தார். ஐந்து தேசியப் பயிற்சி நிறுவனங்களை உயர்சிறப்பு மையங்களாக மாற்றுவதும் இதில் அடக்கம். அந்த ஐந்து ஊர்களில் சென்னையும் ஒன்று.

"நல்ல விஷயம்தானே" என்று ஸ்க்ரோல் பண்ணிப் போயிடலாம். நல்ல விஷயம்தான். ஆனால் இவ்வளவு பெரிய தொகையைப் பார்க்கும்போது யாரும் கேட்காத ஒரு சின்னக் கேள்வி இருக்கு: இந்தப் பணத்தை அரசு எதை எண்ணிப் பார்த்துக் கொடுக்கப் போகுது?

தொழிற்பயிற்சியில் அரசு எவ்வளவு கொடுக்கிறது என்பது பாதி விஷயம்தான். எதற்குக் கொடுக்கிறது என்பது மீதிப் பாதி. கட்டடத்தை எண்ணினால் கட்டடம் எழும்பும். வருகைப் பதிவேட்டை எண்ணினால் பதிவேடு நிறையும். சான்றிதழை எண்ணினால் சான்றிதழ் குவியும். படித்து முடித்தவர் ஒரு வருடம் கழித்து வேலையில் இருக்கிறாரா என்று எண்ணினால்தான் அந்த வேலையை நோக்கி நிறுவனம் நகரும். நம் ஊரில் இந்தக் கடைசிக் கணக்கை மட்டும் யாரும் சரியாகப் போடுவதில்லை. அதைப் போடாமல் கொட்டும் பணத்தில் பாதி மெஷினோடு மூலையில் நிற்கும் என்பதுதான் என் கவலை.

முதல்ல, யாரைப் பத்திப் பேசுறோம்?

அமெரிக்காவில் 'கம்யூனிட்டி காலேஜ்' என்று ஒன்று உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த கட்டணத்தில், இரண்டு வருடப் படிப்பு. நர்சிங், வெல்டிங், ஏ.சி. மெக்கானிக் வேலை முதல் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்கான முதல் இரண்டு வருடம் வரை எல்லாம் அங்கே கிடைக்கும். மாநில அரசுகளும் இவற்றுக்குப் பணம் தருகின்றன.

நம் நாட்டிலும் 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் இருக்கு. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. 2013-14-ல் யு.ஜி.சி. அதற்கென ஒரு திட்டமே கொண்டுவந்தது. ஆனால் அந்தப் பெயரில் நடப்பவை இங்கே குறைவு. அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் செய்யும் வேலையை இங்கே சுமப்பவை ஐ.டி.ஐ-களும் பாலிடெக்னிக்குகளும்தான்.

ஐ.டி.ஐ. என்பது 1950-ல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் தொடர்ச்சி. எட்டாவதோ பத்தாவதோ முடித்தவர்கள் சேரலாம். வெல்டர் என்றால் ஒரு வருடம், ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், டர்னர் என்றால் இரண்டு வருடம். பாலிடெக்னிக் என்றால் பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ. நாடு முழுவதும் ஐ.டி.ஐ-கள் சுமார் 15,000. அதில் பெரும்பான்மை தனியார். ஆனால் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் போய்ச் சேருமிடம் அரசு ஐ.டி.ஐ.

இன்னொரு விஷயமும் கவனிக்கணும். தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ-கள் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறையின் கீழ் வருகின்றன. பாலிடெக்னிக்குகள் உயர்கல்வித் துறையின் கீழ். குறுகிய காலப் பயிற்சிகள் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக. ஒரே வயசுப் பிள்ளைகள், ஏறக்குறைய ஒரே வேலைச்சந்தை, ஆனால் மூன்று தனித்தனி கணக்குப் புத்தகங்கள்.

பணம் எந்தெந்த வழியில் வருது?

அரசின் பணம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்கு நான்கு வழிகளில் போகிறது என்று எளிமையாகப் புரிந்துகொள்ளலாம்.

முதல் வழி, ஆண்டுச் செலவு. பயிற்றுநர் சம்பளம், மின்கட்டணம், பட்டறைக்குத் தேவையான இரும்பு, கம்பி, எலெக்ட்ரோடு, ஆயில். தலைப்புச் செய்தியில் வராத பணம் இது. ஆனால் இது நின்றால் மறுநாளே வகுப்பு நிற்கும்.

இரண்டாவது, திட்டச் செலவு. புதுக் கட்டடம், புது மெஷின். பி.எம். சேது இந்த வகைதான். தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ-களை 'தொழில் 4.0' தொழில்நுட்ப மையங்களாக மாற்ற 2022-ல் போட்ட 2,877 கோடி ரூபாய் ஒப்பந்தமும் இந்த வகைதான். வகுத்துப் பார்த்தால் ஒரு ஐ.டி.ஐ-க்குச் சராசரியாக 40 கோடி. அதில் பெரும்பங்கு அந்த நிறுவனத்துடையது. ரோபோ, சி.என்.சி. மெஷின், முப்பரிமாண அச்சு இயந்திரம் என்று அங்கே வந்திருப்பவை, பழைய லேத் மெஷினைத் தவிர வேறெதையும் பார்க்காத ஒரு தலைமுறைக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. இதில் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது, தலைக்கு இவ்வளவு என்று பயிற்சி நிறுவனங்களுக்குக் கொடுப்பது. 2015-ல் தொடங்கிய பிரதமரின் கௌஷல் விகாஸ் யோஜனா இப்படித்தான் நடக்கிறது. சில வாரங்கள், சில மாதங்கள் நடக்கும் குறுகிய பயிற்சிகள்.

நான்காவது, நேராக மாணவர் கைக்கே போவது. தமிழ்நாட்டில் அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ், சீருடை, பாடநூல் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப் பெண்', பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' இரண்டும் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கின்றன. இவை கலைக்கல்லூரிக்கு மட்டும் இல்லை, ஐ.டி.ஐ-க்கும் டிப்ளமோவுக்கும் உண்டு.

இந்த நான்கில் எது அதிகம் பேசப்படுகிறது? இரண்டாவதும் நான்காவதும். எது முதலில் வெட்டப்படுகிறது? முதலாவது. ஏன்னா, எலெக்ட்ரோடு வாங்கியதற்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டாங்க.

மெஷின் நல்லதுதான். ஆனால்...

வெல்டர் படிப்பை எடுத்துக்கொள்வோம். வெல்டிங்கை வீடியோ பார்த்துக் கற்க முடியாது. ஒரு மாணவர் எத்தனை எலெக்ட்ரோடு எரிக்கிறாரோ, எத்தனை தகட்டை ஒட்டி, உடைத்துப் பார்த்து, மறுபடி ஒட்டுகிறாரோ அவ்வளவுதான் அவர் கை பழகும். ஃபிட்டரும் அப்படித்தான். அரம் பிடித்து ராவ ஆரம்பிக்கும் பையன் முதல் சில வாரங்களில் இரும்பைச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவரவே திணறுவான். பக்கத்தில் நின்று "கையை இப்படி வை, அழுத்தாதே, தள்ளு" என்று சொல்ல ஒருவர் வேண்டும். 20 பேர் இருக்கும் ஒரு பிரிவுக்கு ஒரு நல்ல பயிற்றுநர் என்பதுதான் இந்தப் படிப்பின் அடிப்படையே.

அந்தப் பயிற்றுநர் இடம் காலியாக இருந்தால்? நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகளில் ஐ.டி.ஐ. பயிற்றுநர் பற்றாக்குறை திரும்பத் திரும்ப வரும் விஷயம். நிரந்தரப் பணியிடத்தை நிரப்பினால் அடுத்த 30 வருடத்துக்கு அரசுக்குச் சம்பளச் செலவு. மெஷின் வாங்கினால் ஒரே தடவைச் செலவு. நிதித்துறைக்கு எது சுலபம் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் பல மாநிலங்களில் மெஷின் முதலில் வருகிறது, அதை ஓட்டத் தெரிந்தவர் தற்காலிகமாக, தொகுப்பூதியத்தில், பிறகு வருகிறார்.

யோசித்துப் பாருங்க. சி.என்.சி. மெஷின் புரோகிராமிங் நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு ஒரகடத்திலும் ஓசூரிலும் கம்பெனிகள் நல்ல சம்பளம் கொடுக்கத் தயாராக இருக்கின்றன. அதைவிடக் குறைந்த தொகுப்பூதியத்துக்கு, அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாத நிலையில், அவர் ஏன் ஐ.டி.ஐ-க்கு வரணும்? அப்படியும் வருகிறவர் சொல்லிக்கொடுக்கணும்னு ஆசைப்பட்டு வருகிறவர். அவருடைய ஆசையை நம்பியே ஒரு மாநிலம் கொள்கை வகுக்க முடியாது.

மெஷினுக்கும் ஆயுள் உண்டு. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு உதிரிபாகம், மென்பொருள் உரிமம், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாத்துக்கும் வருடா வருடம் பணம் வேணும். அது முதல் வழியில், அதாவது யாரும் பேசாத ஆண்டுச் செலவில்தான் வரணும்.

இது முதல் தடவையும் இல்லை

2007-08-ல் மத்திய அரசு 1,396 அரசு ஐ.டி.ஐ-களைத் தொழில் நிறுவனங்களோடு இணைத்து மேம்படுத்த ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஐ.டி.ஐ-க்கும் ஒரு தொழில் பங்குதாரர், ஒரு நிர்வாகக் குழு, 2.5 கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன். பத்து வருடம் கழித்து, 2017-ல், உலக வங்கி உதவியோடு 2,200 கோடி ரூபாயில் 'ஸ்ட்ரைவ்' திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இப்போது 60,000 கோடியில் பி.எம். சேது. முந்தைய திட்டங்களால் ஐ.டி.ஐ-களின் தேவையை ஓரளவுக்குத்தான் நிறைவேற்ற முடிந்தது என்று இந்தப் புதிய திட்டத்தை அறிவிக்கும்போது மத்திய அரசே சொன்னது.

இதில் மத்திய அரசின் பங்கில் பாதி வரை உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் தரப்போகின்றன. அதாவது, நாளைக்கு வரி கட்டப்போகும் நீங்களும் நானும் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். மூன்றாவது தடவையும் அதே இடத்தில் வந்து நின்றால் அதன் விலை நம் பில்லில்தான் ஏறும்.

சான்றிதழுக்கு 80, வேலைக்கு 20

இப்போ மூன்றாவது வழிக்கு வருவோம். குறுகிய காலப் பயிற்சிகளுக்குப் பணம் கொடுக்க மத்திய அரசு 2015-ல் பொது விதிமுறைகளை அறிவித்தது. அதன்படி ஒரு பயிற்சி நிறுவனத்துக்கான தொகை மூன்று தவணை. வகுப்பு தொடங்கியதும் 30 சதவீதம். மாணவர்கள் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கியதும் 50 சதவீதம். வேலை கிடைத்தது போன்ற பலன்களைக் காட்டினால் மீதி 20 சதவீதம்.

கூட்டிப் பாருங்க. வேலை கிடைப்பதற்கு முன்பே 80 சதவீதம் வந்துவிட்டது. ஒரு நிறுவனத்தை நடத்துபவராக யோசியுங்கள். மீதி 20 சதவீதத்துக்காக ஒவ்வொரு மாணவரையும் ஆறு மாதம் பின்தொடர்ந்து, கம்பெனி கம்பெனியாக அலைவது லாபமா? அடுத்த பேட்ச்சைச் சேர்த்து அடுத்த 80 சதவீதத்தை வாங்குவது லாபமா? இதில் அந்த நிறுவனம் கெட்டது என்று சொல்ல எதுவுமில்லை. விதி எப்படி எழுதப்பட்டதோ அப்படித்தான் அது நடந்துகொள்கிறது.

இந்தத் துறையை ஆராய மத்திய அரசே அமைத்த சாரதா பிரசாத் குழுவும், எண்ணிக்கை இலக்கைத் துரத்தியதைக் கடுமையாக விமர்சித்தது. பயிற்சித் தரத்தை நிர்ணயிக்கும் அமைப்புகளிடமே பலன் முரண்பாடு இருப்பதைச் சுட்டிக்காட்டியது. "இவ்வளவு லட்சம் பேருக்குப் பயிற்சி" என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டியது, அதில் எத்தனை பேர் இப்போது அந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதைத்தான்.

டெக்சாஸ் என்ன செய்தது?

இதே கேள்வியில் மாட்டிக்கொண்ட இன்னொரு அரசு, அமெரிக்காவின் டெக்சாஸ். அங்கே 50 பொது கம்யூனிட்டி காலேஜ் மாவட்டங்கள் உண்டு. மாநில அரசு அவற்றுக்குப் பணத்தைப் பெரும்பாலும் வகுப்பு நேரக் கணக்கில் கொடுத்துவந்தது. எத்தனை மாணவர்கள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்பதே அளவுகோல். உட்கார்ந்தவர் படிப்பை முடித்தாரா என்பது கணக்கில் பெரிதாக வராது.

2023-ல் அங்கே 'ஹெச்.பி. 8' என்ற சட்டம் வந்தது. இரண்டு வருடத்துக்குக் கூடுதலாக 68.3 கோடி டாலர் ஒதுக்கி, பணம் கொடுக்கும் முறையையே மாற்றினார்கள். இனி கல்லூரிக்குப் பெரும்பகுதிப் பணம் வருவது, மாணவர் உருப்படியான சான்றிதழோ பட்டமோ வாங்கினால், அல்லது குறிப்பிட்ட அளவு பாடங்களை முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறினால்.

'உருப்படியான' என்பதற்கும் அங்கே ஒரு கணக்கு இருக்கு. படிப்புக்கு ஆன செலவை, பள்ளிப்படிப்போடு நிறுத்தியவரைவிடக் கூடுதலாகச் சம்பாதித்து, 10 வருடத்துக்குள் மீட்டுவிட முடியணும். முடியாத படிப்புக்குச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தால் இந்தக் கணக்கில் பணம் இல்லை.

எனக்குப் பிடித்தது இதைவிட அடுத்த இரண்டு விஷயங்கள். ஒன்று, ஏழை மாணவர், படிப்பில் பின்தங்கி வந்த மாணவர், 25 வயதுக்கு மேல் படிக்க வந்தவர் ஆகியோர் தேறினால் கல்லூரிக்குக் கூடுதல் தொகை. இரண்டு, உள்ளூர் வரி வருமானம் போதாத சின்ன ஊர்க் கல்லூரிகளுக்கு ஒரு அடிப்படைத் தொகை உறுதி. பலனைப் பார்த்துப் பணம் என்ற விதி, பலவீனமானவர்களை வெளியே தள்ளிவிடாமல் இருக்கப் போட்ட இரண்டு முட்டுக்கட்டைகள் இவை.

இதுல ஆபத்தும் இருக்கு

டெக்சாஸை அப்படியே இங்கே கொண்டுவந்துடலாமா? கூடாது. பலனுக்கு மட்டும் பணம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அமெரிக்காவிலேயே பார்த்தாகிவிட்டது. வாஷிங்டன் மாநில கம்யூனிட்டி காலேஜ்களை ஆராய்ந்தவர்கள், இந்த முறை வந்த பிறகு இரண்டு வருடப் பட்டங்கள் கூடவில்லை, குறுகிய காலச் சான்றிதழ்கள்தான் கூடின என்று கண்டார்கள். சுலபமாக எண்ணிக்கை காட்ட எது வழியோ அதை நிறுவனங்கள் கண்டுபிடித்துவிடும்.

நம் ஊரில் இது இன்னும் மோசமாகலாம். ஒரகடத்திலோ ஓசூரிலோ இருக்கும் ஐ.டி.ஐ-க்கு வேலை காட்டுவது சுலபம். வாசலைத் தாண்டினால் தொழிற்பேட்டை. ராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ இருக்கும் ஐ.டி.ஐ. என்ன செய்யும்? அங்கே பயிற்றுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பக்கத்தில் கம்பெனி இல்லை. பலனை மட்டும் பார்த்தால், ஏற்கெனவே இருக்கும் ஊருக்கே இன்னும் பணம் போகும்.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். படித்து முடித்த ஒரு பெண் வெளியூர் போய் விடுதியில் தங்கி வேலை பார்க்க வீட்டில் சம்மதிக்கலைன்னா, கணக்கில் அவர் 'வேலை கிடைக்காதவர்'. அடுத்த வருடம் முதல் அந்த நிறுவனம் பெண்களைச் சேர்க்கவே தயங்கும். இதை முன்கூட்டியே யோசிக்காத எந்த விதியும் புதுமைப் பெண் போன்ற திட்டத்துக்கு எதிராகவே வேலை செய்யும்.

இன்னொரு ஆபத்து, 'வேலை' என்ற சொல். மூன்று மாத ஒப்பந்தத்தில் ஒரு அசெம்பிளி லைனில் திருகாணி முடுக்குவதும் வேலை. மெஷினைப் பழுதுபார்க்கும் நிரந்தர வேலையும் வேலை. இரண்டையும் ஒரே எண்ணாக எழுதினால் எந்தக் கம்பெனிக்கும் மலிவான ஆட்களை அனுப்புவதுதான் வெற்றி என்று ஆகிவிடும்.

பி.எம். சேதுவில் ஐ.டி.ஐ. அரசுக்குச் சொந்தம், நிர்வாகம் தொழில் நிறுவனங்களின் தலைமையில் என்பது ஏற்பாடு. தொழில் நிறுவனம் உள்ளே வருவது நல்லது; எந்த மெஷின் வாங்கணும், எந்தப் பாடம் காலாவதி ஆயிடுச்சு என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு நிறுவனத்துக்கு இன்று தேவைப்படும் ஒரே ஒரு வேலையை மட்டும் கற்றுக்கொண்ட பையன், அந்த நிறுவனம் மாடலை மாற்றினால் நடுத்தெருவில் நிற்பான். ஃபிட்டர் என்ற முழுத் தொழிலையும் கற்றவன் எங்கேயும் பிழைப்பான். முழுத் தொழிலைக் கற்பிக்கும் பொறுப்பு அரசுடையது. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அப்போ என்னதான் செய்யணும்?

நான்கு விஷயங்கள் சொல்வேன்.

ஒன்று, அடிப்படைத் தொகையைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தகுதியான பயிற்றுநர், ஒவ்வொரு மாணவருக்கும் பயிற்சிக்கான மூலப்பொருள், ஒவ்வொரு மெஷினுக்கும் பராமரிப்பு. இந்த மூன்றும் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, ஏப்ரலில் வகுப்புக்கு முன்பே வந்து சேர வேண்டிய பணம். இதைப் பலனோடு கட்டிப்போடக் கூடாது. புது மெஷின் வாங்கும் எந்தத் திட்டத்திலும், அடுத்த பத்து வருடப் பராமரிப்பும் அதை ஓட்டும் பயிற்றுநரின் சம்பளமும் சேர்ந்தே ஒதுக்கப்படணும்.

இரண்டு, அதற்கு மேல் வரும் பணத்தைப் பலனைப் பார்த்துக் கொடுங்கள். அளவுகோல் சான்றிதழாக இருக்க வேண்டாம். படித்து முடித்து 12 மாதம் கழித்து அதே தொழிலில் இருக்கிறாரா, சம்பளம் குறைந்தபட்சக் கூலியைவிட எவ்வளவு கூடுதல் என்பதைப் பார்க்கலாம். வருங்கால வைப்பு நிதி எண் இருப்பவர்களை, அவர்கள் சம்மதத்தோடு, கணக்கில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் சொந்தமாக பைக் மெக்கானிக் கடை போட்டவருக்கும், ஏரியா எலெக்ட்ரீஷியனாகக் கொடிகட்டிப் பறப்பவருக்கும் பி.எஃப். கிடையாது. அவர்களைப் போனில் கூப்பிட்டுத்தான் கேட்கணும். கேட்கட்டும். ஒரு ஐ.டி.ஐ-யில் வருடத்துக்கு வெளியே வருவது சில நூறு பேர்தானே.

மூன்று, எடை போட்டுக் கணக்கிடுங்கள். தொழிற்பேட்டை இல்லாத மாவட்டம், பெண் மாணவர், பட்டியலின, பழங்குடி மாணவர், மாற்றுத்திறனாளி, பள்ளியிலிருந்து இடைநின்று திரும்ப வந்தவர். இவர்கள் வெற்றி பெற்றால் நிறுவனத்துக்குக் கூடுதல் மதிப்பெண், கூடுதல் பணம்.

நான்கு, தொழில் நிறுவனங்களிடம் மெஷின் மட்டும் வாங்காதீர்கள். தொழிற்பழகுநர் சட்டம் 1961-லிருந்தே இருக்கு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள், தங்கள் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்பது விதி. பழகுநர் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு பகிர்ந்துகொள்ளும் திட்டமும் 2016-ல் தொடங்கியது. தூத்துக்குடியில் மின்சார கார் ஆலை வந்துவிட்டது. ராணிப்பேட்டை பனப்பாக்கத்தில் கார் ஆலைக்கு 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். நிலம், சாலை, மின்சாரம் என்று அரசு சலுகை கொடுக்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், அந்த மாவட்ட அரசு ஐ.டி.ஐ-யிலிருந்து இத்தனை பழகுநர்கள், இத்தனை வருடம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அது மெஷினைவிடப் பெரிய நன்கொடை.

மாணவர் கையில் போகும் பணம் வீணா?

இந்த இடத்தில் சிலர், "மாதம் 1,000 ரூபாய் கொடுப்பதற்குப் பதில் அந்தப் பணத்தில் பயிற்றுநரைப் போடலாமே" என்று கேட்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐ.டி.ஐ-யில் கட்டணம் கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் பையன்கள் பாதியில் நிற்கக் காரணம், அந்த வயதில் கட்டட வேலைக்கோ டெலிவரிக்கோ போனால் அன்றைக்கே கையில் காசு கிடைக்கும் என்பதுதான். படிப்பு இலவசமாக இருந்தால் மட்டும் போதாது. படிக்கும் இரண்டு வருடம் வீட்டில் அடுப்பு எரியணும்.

இதில் அமெரிக்காவின் இன்னொரு 'டி.என்.', அதாவது டென்னசி மாநிலம், 2014-ல் ஒரு சட்டம் போட்டது. பள்ளி முடிக்கும் யாரும் கம்யூனிட்டி காலேஜிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ இரண்டு வருடம் கல்விக் கட்டணம் கட்டாமல் படிக்கலாம். பணம் லாட்டரி வருமானத்திலிருந்து. ஆனால் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தன்னார்வ வழிகாட்டி; மாணவரும் ஒவ்வொரு செமஸ்டரிலும் எட்டு மணி நேரம் சமூகப் பணி செய்யணும். நாம் மாதாமாதம் பணம் போடுகிறோம், அவர்கள் கூடவே ஒரு ஆளையும் அனுப்புகிறார்கள். விண்ணப்பம் போடுவது எப்படி, எந்த ட்ரேடு எடுத்தால் என்ன வேலை என்று சொல்லித்தர அண்ணனோ அக்காவோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு ஆள் பெரிய பலம். நம் உதவித்தொகை திட்டங்களோடு இதையும் சேர்க்கலாம். செலவும் அதிகம் ஆகாது.

சரி, இதுல எனக்கென்ன?

இதைப் படிக்கும் உங்களில் பலர் ஐ.டி. கம்பெனியிலோ வங்கியிலோ வேலை பார்ப்பவர்களாக இருக்கலாம். ஐ.டி.ஐ. உங்க உலகத்திலேயே இல்லாத இடமாகத் தோணலாம். ஆனால் உங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டைப் பழுதுபார்ப்பவர், உங்க மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றுபவர், மொட்டைமாடியில் சோலார் பேனல் பொருத்துபவர், மருத்துவமனையில் ஸ்கேன் மெஷினுக்கு மின் இணைப்பைச் சரிபார்ப்பவர் எல்லாம் எங்கேயோ, யாரிடமோ கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். சரியாகக் கற்றிருந்தால் உங்க உயிரும் பத்திரம், அவர்கள் உயிரும் பத்திரம். அரைகுறையாகக் கற்றவர் முதலில் பலியாவது அவரே.

ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பு வருகிறது. எத்தனை இடம், என்னென்ன ட்ரேடு, மாதம் எவ்வளவு உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டா என்று எல்லாம் அதில் இருக்கும். இன்னும் நான்கு எண்களை அதில் அச்சிட வைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி: போன முறை இந்த ட்ரேடில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் அதே தொழிலில் இருக்கிறார்கள், அவர்கள் வாங்கும் சராசரிச் சம்பளம் எவ்வளவு. பக்கத்திலேயே, பயிற்றுநர் இடங்களில் எத்தனை காலி என்றும் ஒரு வரி.

இதற்கு 60,000 கோடி தேவையில்லை. ஒரு நோட்டீஸ் போர்டு போதும். அந்த எண்களை ஒரு அம்மா தன் மகனைச் சேர்க்க வந்த இடத்தில் நின்று படித்துவிட்டு, "இந்த ட்ரேடுல ஏன் சார் பாதிப் பேர் முடிக்கலை?" என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அரசுக்கு வரும். உங்க வீட்டிலோ, வீட்டுப் பக்கத்திலோ இந்த வருடம் யாராவது ஐ.டி.ஐ. சேரப் போறாங்கன்னா, கூடப் போய் அந்தக் கேள்வியை நீங்க கேளுங்க.